வர்ச்சுவல் டெஸ்க்டாப்புகளைக் கிளவுடுக்கு மாற்றும்போது பழைய லைசென்ஸ்கள் உடன் வருமா?

கேள்வி: காவேரிப்பட்டினத்தான்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மாங்கூழ் ஆலை ஒன்றின் கணினிப் பிரிவை நான் கவனித்துவருகிறேன். ஆண்டு முழுவதும் கணினியில் வேலை செய்பவர்கள் 40 பேர். மே மாதம் தோத்தாபுரி வரத்து தொடங்கியதும் எடைமேடை, ஆய்வுக்கூடம், டிரம் நிரப்பும் பகுதி, லோடிங் ஆகிய இடங்களுக்கு மேலும் ஏறத்தாழ 30 பேர் வருவார்கள்; ஆகஸ்டு தொடக்கத்தில் அவர்கள் போய்விடுவார்கள்.

எங்களிடம் இரண்டு சர்வர்கள் இருக்கின்றன. அவற்றில் நிரந்தர லைசென்ஸ் வாங்கிய விஎம்வேர் (ஒரு சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது. அதன்மேல் விண்டோஸ் 10 வர்ச்சுவல் டெஸ்க்டாப்புகள் இருக்கின்றன. மேசைகளில் பெரும்பாலும் தின் கிளையன்ட்கள் எனப்படும், சர்வரில் ஓடும் டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் சிறு பெட்டிகள்தான். வால்யூம் லைசென்ஸில் வாங்கிய ஆபீஸ் 2019, டேலி கோல்டு, எஸ்.க்யூ.எல். சர்வர் ஸ்டாண்டர்டு டேட்டாபேஸில் ஓடும் ஒரு ஈ.ஆர்.பி. (ஆலையின் அன்றாடப் பதிவுகளுக்கான மென்பொருள்), டிரம்களுக்கு லேபிள் அச்சிடும் பழைய ஜாவா நிரல் ஒன்று ஆகியவையே முக்கியமான மென்பொருள்கள். முன்பு வாங்கிய ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். (விண்டோஸ் சர்வரில் தொலைவிலிருந்து நுழைந்து வேலை செய்வதற்கான உரிமம்) 30-உம் உண்டு.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, அதே டிசம்பரில் நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியதிலிருந்து எங்களுக்குப் புதுப்பிக்கும் வழி சந்தா ஒன்றுதான் என்றாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எனவே கிளவுடுக்குப் போகலாம் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. மைக்ரோசாப்டின் அஸூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப், அமேசான் வொர்க்ஸ்பேசஸ், சென்னையில் உள்ள ஒரு தனியார் டேட்டா சென்டர் என்று மூன்று விலைப்புள்ளிகள் கையில் இருக்கின்றன. மூன்று தரப்பினரும் ‘உங்களிடம் இருக்கும் லைசென்ஸ்கள் அப்படியே வந்துவிடும்’ என்று வாயால் சொல்கிறார்கள். எழுதித் தரச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்கள்.

எது வரும், எது வராது? மூன்று மாதத்துக்கு மட்டும் வரும் 30 பேருக்கு எப்படிக் கணக்குப் போடுவது? அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓசூர் சர்வர்க்காரர்

வணக்கம் ஐயா. எந்தக் கிளவுட் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு லைசென்ஸைப் பிறகு பார்ப்பதுதான் நம் பக்கத்தில் வழக்கமாக நடக்கிறது; செலவு எகிறுவதும் அதனால்தான். கையில் உள்ள ஒவ்வொரு லைசென்ஸும் எந்தக் கிளவுடில் செல்லும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால், மூன்று விலைப்புள்ளிகளில் எதைக் கிழித்துப் போடலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

விண்டோஸிலிருந்து தொடங்குகிறேன். கணினியோடு சேர்ந்து வந்த ஓ.இ.எம். லைசென்ஸ் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. அந்தக் கணினி பழைய இரும்புக்குப் போனால் லைசென்ஸும் அதோடு போய்விடும், கிளவுடுக்கு வராது. நீங்கள் இப்போது ஓட்டும் விண்டோஸ் 10 டெஸ்க்டாப்புகளுக்கு எந்த லைசென்ஸ் போடப்பட்டது என்று எழுதவில்லை. விண்டோஸ் டெஸ்க்டாப் பதிப்பை சர்வரில் மெய்நிகராக ஓட்டி இன்னோர் இயந்திரத்திலிருந்து பயன்படுத்த வேண்டுமென்றால், சாஃப்ட்வேர் அஷூரன்ஸ் (லைசென்ஸோடு பணம் கட்டிப் பெறும் பராமரிப்பு, கூடுதல் உரிமை ஒப்பந்தம்) உள்ள லைசென்ஸோ, வி.டி.ஏ. (மெய்நிகர் டெஸ்க்டாப்பை அணுகும் உரிமை) என்ற சந்தாவோ அதை உள்ளடக்கிய பயனர் சந்தாவோ இருந்திருக்க வேண்டும். தின் கிளையன்டில் விண்டோஸே இல்லாததால் அங்கே வி.டி.ஏ. அல்லது பயனர் சந்தா தவிர வேறு வழி இருந்திருக்காது. நிறுவிக் கொடுத்தவர் பழைய கணினிகளின் ஓ.இ.எம். கீக்களைப் போட்டுவிட்டுப் போயிருந்தால், உங்களிடம் கிளவுடுக்கு எடுத்துச் செல்ல விண்டோஸ் லைசென்ஸ் எதுவும் இல்லை என்பதே உண்மை நிலை. இந்த மாவட்டத்தில் நான் பார்த்த ஆலைகளில் இது அபூர்வமான நிலை இல்லை.

அஸூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11-ஐப் பயன்படுத்தும் உரிமை நபருக்கு வழங்கப்படுகிறது. மைக்ரோசாப்ட் 365 இ3, இ5, எஃப்3, பிசினஸ் பிரீமியம், விண்டோஸ் என்டர்பிரைஸ் இ3, இ5, வி.டி.ஏ. ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அந்த நபரிடம் இருந்தால் போதும். விண்டோஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை, அஸூரில் கணினி ஓடும் நேரத்துக்கும் சேமிப்பகத்துக்கும் மட்டுமே கட்டணம். பிசினஸ் பிரீமியத்துக்கு 300 பேர் என்ற உச்சவரம்பு உண்டு. 70 பேர் கொண்ட உங்களுக்கு அது தடையாக இராது. ஒரே மெய்நிகர் இயந்திரத்தில் பலர் ஒரே நேரத்தில் நுழைய உதவும் விண்டோஸ் 11 மல்ட்டி-செஷன் பதிப்பும் இங்கே கிடைக்கும். எடைமேடையில் ஈ.ஆர்.பி. திரை ஒன்றை மட்டும் திறந்து வைத்திருப்பவருக்குத் தனி இயந்திரம் எதற்கு?

அமேசானில் நிலைமை வேறு. 2019 அக்டோபர் 1 முதல் அமேசான், கூகுள், அலிபாபா, மைக்ரோசாப்ட் ஆகிய நான்கையும் ‘பட்டியலிடப்பட்ட வழங்குநர்கள்’ என்று மைக்ரோசாப்ட் வகைப்படுத்தியது. அந்தத் தேதிக்குப் பிறகு சாஃப்ட்வேர் அஷூரன்ஸும் இடமாற்ற உரிமையும் இல்லாமல் வாங்கிய லைசென்ஸ்களை, அவர்களின் தனி சர்வரில்கூடப் போட முடியாது. வொர்க்ஸ்பேசஸில் சொந்த விண்டோஸ் லைசென்ஸைக் கொண்டுபோக வேண்டுமானால், ஒரு மண்டலத்தில் (அவர்களின் டேட்டா சென்டர்கள் உள்ள பகுதியில்) குறைந்தது 100 டெஸ்க்டாப்புகளை ஓட்ட வேண்டும் என்று அமேசான் நிபந்தனை வைத்திருக்கிறது. 70 பேர் உள்ள நீங்கள் அந்த வாசலுக்கே போக முடியாது. எஞ்சியிருப்பது லைசென்ஸோடு சேர்த்துத் தரப்படும் வொர்க்ஸ்பேசஸ். அது உள்ளுக்குள் விண்டோஸ் சர்வர். முகப்பு மட்டும் டெஸ்க்டாப் போல இருக்கும். அதில் உங்கள் ஈ.ஆர்.பி. ஓடினால் குறை ஒன்றுமில்லை. 2023 ஆகஸ்டு 1 முதல் மைக்ரோசாப்ட் 365 இ3, இ5, பிசினஸ் பிரீமியம் உள்ளவர்கள் தங்கள் ஆபீஸ் செயலிகளை வொர்க்ஸ்பேசஸில் நிறுவிக்கொள்ளவும் அனுமதி உண்டு. ‘அமேசானில் ஆபீஸ் போட முடியாது’ என்று யாராவது சொன்னால் அவர் பழைய கணக்கைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை டேட்டா சென்டருக்கு 2022 அக்டோபர் 1 அன்று வந்த மாற்றம் சாதகமானது. பட்டியலிடப்பட்ட நால்வர் அல்லாத வழங்குநர்களின் சர்வர்களில், பிறரோடு பகிர்ந்துகொள்ளும் சர்வராக இருந்தாலும், சந்தா லைசென்ஸ்களையும் சாஃப்ட்வேர் அஷூரன்ஸ் உள்ளவற்றையும் பயன்படுத்தலாம். மைக்ரோசாப்ட் 365 எஃப்3, இ3, இ5 உள்ளவர்கள் அங்கே விண்டோஸ் 11-ஐ மெய்நிகராக ஓட்டுவதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம் என்றும் அப்போதே அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த டேட்டா சென்டர் தன் சொந்த விஎம்வேரில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எதிலிருந்து தப்ப நினைக்கிறீர்களோ அந்தச் சந்தாச் செலவு அவர்களின் மாதக் கட்டணத்துக்குள் ஒளிந்துகொண்டு உங்களிடமே திரும்பி வரக்கூடும்.

ஆபீஸ் 2019-ஐ விட்டுவிடுங்கள். அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. நிரந்தர லைசென்ஸாக இருப்பதால் அஸூரிலும் அமேசானிலும் அதற்கு இடமில்லை. சந்தா ஆபீஸ் வாங்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு: பலர் பகிரும் இயந்திரத்தில் ஆபீஸ் ஓட ஷேர்டு கம்ப்யூட்டர் ஆக்டிவேஷன் என்ற வசதி வேண்டும். அது பிசினஸ் பிரீமியத்தில் உண்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று பிசினஸ் ஸ்டாண்டர்டு வாங்கினால் இல்லை. இந்த முறையில் ஒவ்வொரு பயனருக்கும் 30 நாள் செல்லும் ஓர் உரிமச் சீட்டு அவருடைய அமைப்புகளும் கோப்புகளும் இருக்கும் புரொஃபைலுக்குள் எழுதப்படும். புரொஃபைலை எஃப்.எஸ்.லாஜிக்ஸ் (புரொஃபைலைத் தனியே சேமித்து, பயனர் எந்த இயந்திரத்தில் நுழைந்தாலும் அதோடு இணைக்கும் கருவி) கன்டெய்னரில் வைத்தால் அந்தச் சீட்டு நிலைத்திருக்கும். இல்லாவிட்டால் தினமும் காலையில் வேர்டைத் திறக்கும்போதெல்லாம் உள்நுழையச் சொல்லிக் கேட்கும், கணக்குப் பிரிவினர் உங்கள் அறைக்கு வந்து நிற்பார்கள். எஃப்.எஸ்.லாஜிக்ஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. மேலே சொன்ன சந்தாக்களோடு அதைப் பயன்படுத்தும் உரிமையும் சேர்ந்தே வருகிறது.

எஸ்.க்யூ.எல். சர்வர் லைசென்ஸுக்கும் அதன் அணுகல் உரிமங்களான சி.ஏ.எல்.-களுக்கும் சாஃப்ட்வேர் அஷூரன்ஸ் உயிரோடு இருந்தால் அவற்றைக் கொண்டுபோகலாம். இல்லையென்றால், அஸூரில் ஓடும் நேரத்துக்குக் கட்டணம் செலுத்தும் எஸ்.க்யூ.எல். இயந்திரத்தை எடுங்கள், அதற்குத் தனியாக சி.ஏ.எல். தேவைப்படாது. டேட்டாபேஸை ஆலையிலேயே வைத்துக்கொண்டு டெஸ்க்டாப்பை மட்டும் மேலே அனுப்பும் யோசனை யாருக்கேனும் வந்தால் தடுத்துவிடுங்கள். சீசன் நேரத்தில் ஒவ்வொரு ரசீதும் ஆலைக்கும் டேட்டா சென்டருக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கும்.

கடைசியாக, ஜாவா. 2023 ஜனவரியிலிருந்து ஆரக்கிள் ஜாவா சந்தாவை நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கணினியைத் தொடாதவரும் பகுதி நேர ஊழியரும் அந்த எண்ணிக்கையில் அடங்குவர். நிறுவனத்தின் உள்வேலைகளுக்குத் துணைபுரியும் ஒப்பந்தத் தொழிலாளரும் அடங்குவர். லேபிள் அச்சிடும் ஒரே ஒரு நிரலுக்காக, மாம்பழம் கழுவும் தொட்டியருகே நிற்பவருக்கும் சேர்த்துப் பணம் கட்டும் நிலை வரலாம். கிளவுட் இமேஜ் (டெஸ்க்டாப்புகளை உருவாக்கப் பயன்படும் மாதிரி வடிவம்) தயாரிக்கும்போதே ஆரக்கிள் ஜாவாவை நீக்கிவிட்டு, ஓபன் ஜே.டி.கே. (ஜாவாவின் திறமூல வடிவம்) அடிப்படையிலான இலவசத் தொகுப்பு ஒன்றைப் போட்டு அந்த நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பதில்: தர்மபுரி தணிக்கை

மேலே சொன்னவற்றோடு என் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். நான் கணக்குத் தணிக்கை செய்பவன். கணினி வல்லுநன் அல்லன்.

கிளவுடுக்குப் போகும் முன் இருக்கும் லைசென்ஸ்களுக்கான கொள்முதல் ரசீதுகளையும் ஒப்பந்த எண்களையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். கணினியின் பின்புறம் ஒட்டிய ஸ்டிக்கரைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு அதையே லைசென்ஸ் சான்று என்று காட்டும் நிறுவனங்கள் உண்டு, அது செல்லாது. அடுத்து, புதிய சந்தா எந்தப் பெயரில் தொடங்கப்படுகிறது என்று பாருங்கள். விற்பவர் தன் மின்னஞ்சலை வைத்து டெனன்ட் (நிறுவனத்துக்கான கிளவுட் கணக்கு) உருவாக்கி, தலைமை நிர்வாகி உரிமையையும் தானே வைத்துக்கொண்டால், நாளை அவரை மாற்றுவது பெரும் பாடாகிவிடும். டெனன்ட் ஆலையின் பெயரிலும், தலைமை நிர்வாகி உரிமை உங்கள் நிர்வாகத்தில் குறைந்தது இருவரிடமும் இருக்க வேண்டும்.

உங்கள் ஆலை கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் இன்னொன்றும் உண்டு. கணக்குப் புத்தகங்களை மின்னணு முறையில் வைத்திருப்போர் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்அப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகள் திருத்தப்பட்டன. செய்த மாற்றங்களைத் தடயத்தோடு பதியும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அஸூருக்குப் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும் அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத் ஆகிய இடங்களிலும் மண்டலங்கள் இருப்பதால் இது சிக்கல் இல்லை. ஆனால் விலை குறைவு என்று சிங்கப்பூர் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்களா என்று விலைப்புள்ளியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: காவேரிப்பட்டினத்தான்

இருவருக்கும் மிக்க நன்றி. நிறுவிக் கொடுத்தவரின் ரசீதைத் தேடி எடுத்தேன். அதில் விண்டோஸ் 10 ப்ரோ ஓ.இ.எம். என்றுதான் இருக்கிறது, வி.டி.ஏ. என்ற சொல் எங்கும் இல்லை. ஆர்.டி.எஸ். சி.ஏ.எல்.-களுக்கும் எஸ்.க்யூ.எல். சர்வருக்கும் சாஃப்ட்வேர் அஷூரன்ஸ் இல்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள். எடைமேடையில் மூன்று ஷிப்ட். மூவரும் ஒரே திரையில், ‘எடைமேடை’ என்ற ஒரே பயனர் பெயரில்தான் இப்போது வேலை செய்கிறார்கள். கிளவுடிலும் அப்படியே ஒரு லைசென்ஸ் போதுமா? டேலி கோல்டு என்னவாகும்?

பதில்: தொப்பூரான்

எடைமேடைக்கு மட்டும் நான் சற்று வேறுபடுகிறேன். பயனர் சந்தா நபருக்கு உரியது என்பதால் மூன்று ஷிப்ட் ஆட்களும் ஒரே பெயரில் நுழைவது விதிமீறல். மூவருக்கு மூன்று சந்தா வேண்டும். ஆனால் விண்டோஸ் 11-க்குப் பதிலாக விண்டோஸ் சர்வரை செஷன் ஹோஸ்டாக (பயனர்கள் நுழைந்து வேலை செய்யும் மெய்நிகர் இயந்திரமாக) வைத்தால், சாதனத்துக்கு உரிய ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். வாங்கலாம், அந்த ஒரு திரையில் எத்தனை ஷிப்ட் ஆட்கள் வந்தாலும் ஒரே சி.ஏ.எல். போதும். ஷிப்ட் முறையில் ஓடும் ஆலைகளுக்கு இதுதான் சிக்கனமானது. உங்கள் பழைய 30 சி.ஏ.எல்.-களுக்கு சாஃப்ட்வேர் அஷூரன்ஸ் இல்லாததால் அவை அஸூரில் உதவாது; புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

பதில்: ஓசூர் சர்வர்க்காரர்

தொப்பூரார் சொல்வது சரிதான். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இன்று சிறு நிறுவனங்களுக்கு விற்பவர்கள் பெரும்பாலும் சி.எஸ்.பி. (மைக்ரோசாப்டின் கூட்டாளிகள் வழியாக விற்கும் முறை) வழியாகவே ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். தருகிறார்கள். அந்த வழியில் வாங்கும் நிரந்தர சி.ஏ.எல்.-உடன் சாஃப்ட்வேர் அஷூரன்ஸ் வராது. அஷூரன்ஸ் இல்லாவிட்டால் அஸூரில் செல்லாது. சி.எஸ்.பி.-யில் செல்லுபடியாவது பயனருக்கான ஆர்.டி.எஸ். சந்தா, அது மறுபடியும் தலைக்கணக்குதான். சாதனத்துக்கு உரியது வேண்டுமென்றால் ஓப்பன் வேல்யூ போன்ற வால்யூம் லைசென்ஸ் ஒப்பந்தத்துக்குப் போக வேண்டும். எடைமேடை, ஆய்வுக்கூடம், லோடிங் எல்லாம் சேர்ந்து ஏழெட்டுத் திரைகள்தான் என்றால் அதையும் விலை கேட்டுப் பாருங்கள்.

என் எண்ணத்தில் சீசன் ஆட்களுக்கு எஃப்3-தான் பொருத்தமானது. ஒரு வேலைச் சாதனத்தை ஷிப்டுக்குள்ளோ ஷிப்ட் மாறும்போதோ மற்றவர்களோடு பகிர்ந்துகொள்பவருக்கு எஃப்3 தரலாம் என்பது அதன் தகுதி விதிகளில் ஒன்று; உங்கள் ஆட்கள் அதில் அடங்குவார்கள். எஃப்3-இல் டெஸ்க்டாப் ஆபீஸ் கிடையாது. பிரிக்ஸ் (கூழின் இனிப்பு) அளவையும் லாரி எண்ணையும் ஈ.ஆர்.பி.-யில் பதிபவருக்கு எக்செல் எதற்கு? அவர்களுக்கென்று ஆபீஸ் இல்லாத இமேஜ் ஒன்றைத் தனி ஹோஸ்ட் பூலில் (செஷன் ஹோஸ்ட்களின் குழுவில்) வையுங்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே பூலில் கலந்தால், லைசென்ஸ் இல்லாதவர் எக்செலைத் திறந்து எச்சரிக்கையைப் பார்த்து உங்களைக் கூப்பிடுவார்.

மூன்று மாதக் கணக்குக்கு வருகிறேன். சி.எஸ்.பி. சந்தாவில் ஆண்டு ஒப்பந்தம், மாத ஒப்பந்தம் என இரண்டும் உண்டு. மாத ஒப்பந்தத்துக்கு 20 விழுக்காடு கூடுதல் விலை. ஆண்டு ஒப்பந்தம் போட்டால் முதல் 7 நாள் கழிந்த பிறகு எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. ஒருவருக்கு மூன்று மாதம் மாத ஒப்பந்தத்தில் எடுத்தால் ஆண்டு விலைக்கணக்கில் 3.6 மாதத்துக்கான பணம்தான் ஆகும். ஆண்டுக்கு எடுத்தால் 12 மாதப் பணம். ஒருவர் பத்து மாதமாவது இருந்தால்தான் ஆண்டு ஒப்பந்தம் கட்டுபடியாகும். எனவே 40 பேருக்கு பிசினஸ் பிரீமியம் ஆண்டு ஒப்பந்தத்திலும், 30 பேருக்கு எஃப்3 மாத ஒப்பந்தத்திலும் எடுங்கள். ஒரே டெனன்டில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டு புதுப்பிப்புக்கு முன் குறைக்க மறந்துவிட்டால் இன்னொரு மாதத்துக்குப் பணம் போய்விடும் என்பதால், கணக்குப் பிரிவின் நாட்காட்டியிலும் அந்தத் தேதியைக் குறிக்கச் சொல்லுங்கள்.

டேலி கோல்டு ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தில் ஆக்டிவேட் செய்யப்பட்டு, அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவர்களுக்கு லைசென்ஸ் வழங்கும். அதை செஷன் ஹோஸ்டில் வைக்காதீர்கள். ஹோஸ்ட்களைப் புது இமேஜிலிருந்து மறுபடி மறுபடி உருவாக்கும்போது டேலி அதைப் புது இயந்திரமாகக் கருதும். நிலையாக ஓடும் ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரத்தில் லைசென்ஸை வைத்து, அது இருக்கும் அதே வர்ச்சுவல் நெட்வொர்க்கில் ஹோஸ்ட்களையும் வையுங்கள். ஆலையில் உள்ள பழைய சர்வரை அணைக்கும் முன், அதில் டேலியைத் திறந்து லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, பிறகு மேலே ஆக்டிவேட் செய்யுங்கள். இந்த வரிசை தலைகீழானால் டேலி பங்குதாரரைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

அஸூரைத் தேர்ந்தெடுத்தால் முதல் மாதப் பில்லில் ஒன்றைச் சரிபாருங்கள். ஹோஸ்ட்களை அஸூர் போர்ட்டலின் வர்ச்சுவல் டெஸ்க்டாப் பக்கத்திலிருந்து உருவாக்கினால், ஒவ்வொரு இயந்திரத்தின் ‘லைசென்ஸ் டைப்’ என்ற புலத்திலும் ‘விண்டோஸ்_கிளையன்ட்’ என்ற மதிப்பு தானாகவே பதிவாகிவிடும். நிறுவுபவர் தன் ஸ்கிரிப்டை வைத்து உருவாக்கியிருந்தால் அந்தப் புலம் காலியாக இருக்கக்கூடும். அப்போது உங்கள் ஆட்களிடம் சந்தா இருந்தும் விண்டோஸுக்கான கட்டணம் மணிக்கணக்கில் தனியாக ஏறிக்கொண்டிருக்கும். எல்லா ஹோஸ்ட்களுக்கும் அந்த மதிப்பு இருக்கிறதா என்பதை நிறுவியவரைக் கொண்டே திரையில் காட்டச் சொல்லி, அதன் பிறகு இறுதித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.

மறுமொழி: காவேரிப்பட்டினத்தான்

நன்றி ஐயா. வொர்க்ஸ்பேசஸ் விலைப்புள்ளியை ஒதுக்கிவிட்டோம். மற்ற இருவரிடமும், ஒவ்வொரு பயனர் வகைக்கும் எந்தச் சந்தா, ஆண்டு ஒப்பந்தமா மாத ஒப்பந்தமா, எந்த மண்டலம், டெனன்ட் யார் பெயரில் என்ற விவரங்களோடு திருத்திய விலைப்புள்ளியைக் கையெழுத்திட்டுத் தரும்படி இன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். சாதனத்துக்கு உரிய சி.ஏ.எல்.-க்கும் தனியாக விலை கேட்டிருக்கிறேன். வந்ததும் இங்கே பகிர்கிறேன்.